தண்டவாளம் தரும் வாக்கு

எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்' நாவலைப் படித்தவர்கள் அதில் வரும் நிலக்கரிச் சுரங்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். அது வெறுங் கற்பனையில் தோண்டிய சுரங்கமல்ல. 1884-இல், வட பிரான்சில் வலான்சியென் நகரை அடுத்த ஆன்ஸேன் வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஸோலா நேரில் போனார். தெனேன் என்ற ஊரில் குழிக்குள் இறங்கியும் பார்த்தார். மறு ஆண்டு நாவல் வெளிவந்தது.

அந்த வட்டாரத்தில் டிராம் வண்டிகள் 1966-இல் நின்றுபோயின. 1978-இல் தெனேனின் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 1990 டிசம்பரில் வட பிரான்சின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. பிறகு, நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2006-இல் வலான்சியெனில் டிராம் மறுபடி ஓடத் தொடங்கியது. 2007-இல் தெனேன் வரை நீண்டது.

பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கரியும் போயிற்று, உருக்கும் போயிற்று. குளம் வற்றினால் பறவை வேறு குளம் தேடிப் போகிறது. வற்றிய குளத்துக்குப் புதுப் படித்துறை எதற்கு, ஐயா?"

"குளத்தை இறைத்தவர்கள் யார்? பறவைகளா?" என்று கேட்டேன்.

ஆன்ஸேனில் 1734-இல் கரி கண்டார்கள். அது முதல் இரண்டரை நூற்றாண்டுக் காலம் பிரான்சின் அடுப்புகளும் ஆலைகளும் அந்த வட்டாரத்து மண்ணைத் தின்றே எரிந்தன. தின்றவர்களில் பலர் இன்று இல்லை, குழிக்குள் இறங்கியவர்களிலும் பலர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாட்டனின் சொத்தை வாங்கிக்கொண்ட பேரன், பாட்டன் பட்ட கடனை மட்டும் அறியேன் என்றால் ஊர் ஒப்புமா?

"கடனென்றே வைத்துக்கொள்வோம். பஸ் விட்டால் போதாதா?" என்றார் நண்பர்.

"பஸ்ஸை ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு நிறுத்திவிடலாம். தண்டவாளம் அப்படியல்ல. 'உங்களை விட்டுப் போகமாட்டோம்' என்று மண்ணில் பதித்துக் கொடுக்கும் வாக்கு அது."

"1966-இல் நிறுத்தியதும் தண்டவாளத்தில் ஓடிய வண்டியைத்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. வெகு நேரம் யோசித்தேன். அவர் சொன்னது சரிதான். வாக்கு இரும்பில் இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டிய மனிதர்களின் நெஞ்சில் இருக்கிறது. அங்கே அது தளர்ந்தால் எந்த இரும்பும் தாங்காது.

ஆயினும் ஒன்றை நினைக்கும்போது என் மனம் நிறைகிறது. அந்த டிராம் பாதையின் ஒரு முனை தெனேன். மறு முனை வலான்சியென் பல்கலைக்கழகம். பாட்டன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிய ஊரிலிருந்து பேத்தி புத்தகத்தோடு வண்டி ஏறுகிறாள். படித்துத் திரும்பும்போது அவளுக்கு ஊரில் வேலை இருக்குமா? அதை டிராம் தர முடியாது. வழி கொடுப்பது வேறு, வாழ்வு கொடுப்பது வேறு.

கடன் தீரவில்லை. இப்போதுதான் வட்டி கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் அப்படியே இருக்கிறது. ஆனால் வட்டி கட்டுகிறவன் கடனை ஒப்புக்கொண்டவன் அல்லவா?