ஆய்வு யாருக்காக?

புதிய பருவம் தொடங்குமுன் ஆய்வு மாணவர் தலைப்பு, களம், செலவு, காலம் ஆகியவற்றைத் திட்டமிடுகிறார். விரைவில் பட்டம் தரும் கேள்வியை எடுப்பதா, விடை தேடத் தகுந்த கேள்வியை எடுப்பதா என்ற தர்மசங்கடமும் அப்போதே எழுகிறது.

முதல் விருப்பத்தைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகள் வரை உண்டு. மூணாறுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு, உதவித்தொகை நின்ற பின்னும் படிப்பது எளிதன்று. காத்திருக்கும் பெற்றோருக்கு ஆற்ற வேண்டிய கடமையும் தர்மமே. ஆனால் விடை முன்பே தெரிந்த கேள்வியை எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஆய்வேடு எழுதினால் அந்தக் கடமை நிறைவேறியதாகாது.

இடுக்கி மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூத்து, விதை ஈந்து, மடிகிறது. இரவிகுளத்தில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதன் முழு வாழ்வையும் ஒருவர் தம் ஆய்வுக் காலத்திற்குள் காண இயலாது. அதனால் குறிஞ்சியைக் கைவிட வேண்டியதில்லை. சீகை, யூகலிப்டஸ் போன்ற அயல்மரங்கள் பரவிய இடங்களில் குறிஞ்சிச் செடிகள் எவ்வாறு வளர்கின்றன என்பதை 3 ஆண்டுகள் அளக்கலாம். அளந்த இடத்தையும் முறையையும் அடுத்தவர் தொடரும்படி எழுதி வைக்கலாம்.

பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டம் அச்சுறுத்திய காலத்தில், தாவரவியலாளர் ஜானகி அம்மாள் தம் முதுமையில் அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். 1931இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த அவருக்கு, அப்பணியால் அடைய வேண்டிய பட்டம் ஏதுமில்லை. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில்தான்.

ஆகவே கேள்வி பெரியதாக இருக்கலாம். அதில் நாம் ஏற்கும் பங்கு, குறித்த காலத்தில் நேர்மையாக முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். திட்டத்தை நெறியாளரிடம் அளிக்குமுன் மாணவர் தம்மையே இரண்டு கேட்டுக்கொள்ளலாம்: எதிர்பார்ப்புக்கு மாறான விடை வந்தால் அதையும் அப்படியே எழுதுவேனா? பட்டம் கிடைத்த பின்னும் என் குறிப்புகள் பிறருக்குப் பயன்படுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால், அந்த ஆய்வில் தன்னலமும் பொதுநலமும் முரண்படுவதில்லை.