கல்லும் முகமும்

கிரேக்கச் சிற்பி தெய்வத்துக்குக் கட்டழகான மனித உடலைக் கொடுத்தான். எகிப்தியன் பருந்துத் தலையை வைத்தான். அமராவதியின் தொடக்ககாலச் சிற்பிகளோ புத்தரைச் செதுக்கவே இல்லை. பாதச்சுவட்டையும் வெற்று ஆசனத்தையும் வைத்தே அவரைக் காட்டிவிட்டார்கள். பெரிய துணிச்சல்தான் அது!

தருமபுரி மாவட்டத் தீர்த்தமலைக் கோயிலில் அம்மன் வடிவாம்பிகைக்கு முகமுண்டு, கையுண்டு. சிவனான தீர்த்தகிரீசுவரர் வெறும் லிங்கம். கண்ணில்லாத அந்தக் கல்லுக்கு விபூதிப் பட்டை இட்டு, வேட்டி சுற்றி, மாலை சாத்தியதும் எதிரே நிற்பவர் மனத்தில் ஒரு முகம் எழுந்துவிடுகிறது. இங்கே பாதிச் சிற்பி பக்தர்தான். பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தத்துக்கு உளியே தேவைப்படவில்லை, தண்ணீரையே கும்பிடுகிறோம்.

சிவனை உருவமில்லாமல் ஏற்ற இதே வட்டாரம், ஆநிரை மீட்டுச் செத்த சாதாரண மனிதனை மட்டும் ஆயுதமும் கையுமாகக் கல்லில் செதுக்கி நடுகல்லாக்கி வணங்கியது. அவற்றில் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கின்றன. மலையேற வருபவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.