என் உயிர்தானே?

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். அதன் வடமேற்குக் கரை நெடுகச் செங்குத்தான மலைச் சுவர்கள் கடலை ஒட்டி நிற்பதால் அங்கே வண்டிச் சாலை போட முடியவில்லை. கேயே என்னும் கடற்கரையோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கலலாவ் பள்ளத்தாக்கு வரை 11 மைல் நீளத்துக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று செல்கிறது. முதல் 2 மைல் ஏறி இறங்கினால் ஹனகாப்பியாய் என்ற தனித்த கடற்கரை. அங்கிருந்து பள்ளத்தாக்கினுள் இன்னும் 2 மைல் நடந்தால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. இதைக் காண ஜனங்கள் பல நாடுகளிலிருந்து விமானமேறி வருகிறார்கள். வரட்டும், அழகைத் தேடிப் போவதில் குற்றமொன்றும் இல்லை.

ஆனால் கடற்கரைக்கு முன்னே ஒரு காட்டாறு குறுக்கிடுகிறது. அதற்குப் பாலம் கிடையாது. மற்ற நாட்களில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். மலையுச்சியில் பெருமழை கொட்டினாலோ, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் சரசரவென ஏறி மார்பளவுக்கு வந்துவிடும். அதைக் கடக்க முயன்று அடித்துச் செல்லப்பட்டு இறந்தவர்கள் உண்டு. கடலும் அப்படியே. அலையைத் தடுக்கும் பவளப்பார் அங்கே இல்லாததால் நீரோட்டம் நீந்துபவனை இழுத்துக்கொண்டு போய்விடும். எச்சரிக்கைப் பலகைகள் இல்லாமலில்லை. படித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

ஏன் இறங்குகிறாய் என்று கேட்டால், “என் உயிர்தானே, உனக்கென்ன?” என்பார்கள். இந்தப் பதிலைத்தான் சற்று நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன். இது ஹவாய்க்காரர்களின் பதில் மட்டுமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள்.

2014 ஏப்ரலில் அந்தக் காட்டாறு பெருகி, அக்கரையில் 121 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் ஹெலிகாப்டர் கொண்டு அவர்களை மீட்டார்கள். மலைச் சுவர்களுக்கிடையே, காற்றிலும் மழையிலும் ஹெலிகாப்டர் ஓட்டுவது விளையாட்டல்ல. மீட்க வருபவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. “இவன் எதற்காகப் போனான்? தகுந்த காரணம் இருந்தால்தான் காப்பாற்றுவேன்” என்று அவன் சொல்ல முடியுமா? சொல்லமாட்டான். அப்படியானால் என் உயிரைப் பணயம் வைக்கும்போது அவன் உயிரையும், அவனைக் கேளாமலே, சேர்த்து வைத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறு பெருகியிருக்கையில் கரையில் பத்துப் பேர் தயங்கி நிற்பார்கள். வலிய இளைஞன் ஒருவன் இறங்கிக் கடந்துவிடுகிறான். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, யாரையும் அழைக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே அவனில் பாதி பலமில்லாதவர்களும் இறங்கிவிடுகிறார்கள். துர்மாதிரிகை என்றால் குடியும் சூதும்தான் என்று நினைக்கிறோம். நல்லவன் ஒருவன் தன் பலத்தை நம்பிச் செய்யும் காரியமும் பலவீனனுக்குக் கண்ணியாகலாம்.

அப்படியானால் ஆபத்தையே தொடக்கூடாதா, வீட்டிற்குள் அடைந்து கிடப்பதுதான் புண்ணியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோழைத்தனத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவே நிற்பதே திடம் என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். எவ்வளவு ஆபத்து என்பதைவிட எதன்பொருட்டு என்பதே முக்கியம்.

அந்தப் பாதை போய் முடியும் கலலாவ் பள்ளத்தாக்கிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கோவோலவ் என்ற மாட்டுக்காரருக்கும் அவருடைய சிறு மகனுக்கும் குஷ்டரோகம் கண்டது. குஷ்டரோகிகளை மோலக்காய்த் தீவுக்கு அனுப்பிவிடுவது அந்நாளைய சட்டம். தமியான் சுவாமியார் 1873 முதல் 1889 வரை உழைத்து உயிர்விட்ட அதே தீவுதான். கோவோலவ் போகத் தயாராயிருந்தார். மனைவி பீலானி உடன்வர அனுமதி கிடைக்கவில்லை. பிரிய மனமின்றி மூவரும் செங்குத்தான மலை வழியே கலலாவுக்குள் இறங்கிவிட்டார்கள். 1893-ல் பிடிக்க வந்த அதிகாரியையும் சில சிப்பாய்களையும் கோவோலவ் சுட்டுக் கொன்றார். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. பீலானியையே நினைக்கிறேன். அந்த அம்மாளுக்கு நோயில்லை. எந்த நாளும் வெளியேறியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அந்த மலையிடுக்குகளில் மறைந்து வாழ்ந்து, மகனையும் பிறகு கணவனையும் அடக்கம் செய்துவிட்டு, தன்னந்தனியே மலையேறித் திரும்பினார். அவர் சொன்ன வரலாறு 1906-ல் ஹவாய் மொழியில் அச்சாயிற்று.

பீலானி உயிரைப் பணயம் வைத்ததற்குக் காரணம் கேட்டால் இரண்டு பெயரைச் சொல்லியிருப்பார். பெருகிய ஆற்றில் கால்வைக்கும் உல்லாசப் பிரயாணி எதைச் சொல்வான்? “நாளைக்கு விமானம், டிக்கெட் வாங்கியாயிற்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்” என்பான். செலவழித்த பணம் திரும்பி வராது, ஆற்றில் இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி.

2018 ஏப்ரலில் அந்த வடகரையில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை கொட்டிச் சாலையும் பாதையும் சிதைந்தன. 2019 ஜூனில் மறுபடி திறந்தபோது, நாளொன்றுக்கு 900 பேருக்கு மேல் இல்லை, வெளியூரார் முன்பதிவு செய்யவேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீட்டு கிடைத்தவனுக்கு, “இன்று விட்டால் இனி இல்லை” என்ற அவசரமும் கூடவே வந்துவிடுகிறது.

பெற்றோரே, அந்தக் கரையில் பிள்ளையோடு ஒரு தகப்பன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அருவி காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். தண்ணீரோ கலங்கி ஓடுகிறது. மழை விட்டால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வடியும்வரை கல்லின்மேல் உட்கார்ந்து கட்டிச் சோற்றைப் பிரிக்கலாம். வடியவில்லையானால் வந்த வழியே 2 மைல், அதில் முதற்பாதி ஏற்றம். பிள்ளை அழுதுகொண்டே வரும். தோளில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியதுதான்.