இரண்டு மரக்கால்

பிறரிடம் வேலை செய்வது கடினம் என்பார்கள். பிறரைக் கொண்டு வேலை செய்விப்பது அதனினும் கடினம் என்பதைப் பொறுப்பேற்றவர்களே அறிவர். பண்ணைக்குக் காரியஸ்தர், கடைக்குக் கணக்கப்பிள்ளை, கம்பெனிக்கு மேனேஜர் என்று பெயர்கள் பலவாயினும் கேள்வி ஒன்றுதான். பிறர் உழைப்பின்மீது நமக்குத் தரப்பட்ட அதிகாரத்தை எவ்வாறு செலுத்துவது?

விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரி பாயும் நம் தஞ்சை வயல்களே போதும்.

நடவு வேலையை எண்ணிப் பாருங்கள். நாற்று ஆழத்தில் புதைந்தால் தூர் கட்டுவது குறையும். மேலோட்டமாக நட்டால் நீரில் மிதந்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக நட வேண்டும். வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு வரிசை தெரியும். சேற்றுக்குள் இருக்கும் ஆழம் தெரியாது. அதை அறிந்தவை நடவுப் பெண்ணின் விரல்கள் மட்டுமே. குறை வெளிப்படுவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். ஆகவே அதட்டி வாங்கக் கூடியது வேகம் ஒன்றுதான். பக்குவமோ, மனம் ஒப்பித் தரப்படுவது.

இந்த உண்மையைப் பழைய பண்ணைகள் பல மறந்திருந்தன. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாயிருந்தன. அவற்றை எதிர்த்து 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடினர். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும், கூலித் தகராறு முற்றிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. சட்டம் கூலியின் அளவைச் சொல்லும். அளப்பவனுடைய மனத்தை எது அளப்பது?

நெல்லே கூலியாயிருந்த காலத்தில் சில களங்களில் இரண்டு மரக்கால்கள் இருந்தன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாங்குவதற்குப் பெரியது, கொடுப்பதற்குச் சிறியது. இத்தகையோரைக் கண்டித்தே திருமறையின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. இன்று மரக்கால் பரணுக்குப் போய்விட்டது. கூலி ரூபாயாக மாறிவிட்டது. ஆனால் நம் மனத்தில் அந்த இரண்டு மரக்கால்களும் அப்படியே இருக்கின்றன.

நாற்று பறித்தாயிற்று, பெண்களும் வந்தாயிற்று. காரியஸ்தர் டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காததால் வயல் இன்னும் சமப்படவில்லை. நண்பகல் வரை அவர்கள் வரப்பில் காத்து நிற்கிறார்கள். அது அவர் கணக்கில் 'சிறு தாமதம்.' மறுநாள் அப்பெண்கள் கால் மணி நேரம் பிந்தி வந்தாலோ, அது 'அலட்சியம்.' தன் பிழைக்குச் சிறிய மரக்கால். பிறர் பிழைக்குப் பெரிய மரக்கால். இதை உழைப்பவர் உடனே கண்டுகொள்கிறார். அன்றே அவர் விரல்களின் கவனமும் குறைந்துவிடுகிறது.

எனவே நல்ல நிர்வாகி, என்ன வேலை, எவ்வளவு, என்ன கூலி என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்வார். கருவியும் களமும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்று தாமே பார்ப்பார். எந்த மூலை பள்ளம், எந்த மடை கசிகிறது என்பதை நீர் பாய்ச்சுபவரிடம் கேட்டறிவதை இழிவாகக் கருதமாட்டார். குறையைத் தனியே அழைத்துச் சொல்வார். பாராட்டைப் பலர் முன்னிலையில் சொல்வார். முதலாளியிடம் கணக்குச் சொல்லும்போது தம் பிழையைத் தொழிலாளியின் தலையில் கட்டமாட்டார். வியர்வை உலருமுன் கூலி தரச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையை மேடைக்கு மட்டும் உரியதாக வைத்திருக்கமாட்டார்.

இவ்வளவு கனிவு காட்டினால் வேலை நடக்குமா என்று சிலர் கேட்கலாம். கனிவு என்பது கண்டும் காணாதிருப்பதன்று. சோம்பியிருப்பவனைக் கேளாமல் விட்டால், அவன் சுமையையும் சேர்த்துச் சுமப்பவனுக்கு நாம் அநீதி இழைத்தவராவோம். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோருக்கும், நமக்கும் சேர்த்து, ஒரே மரக்கால்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களிலிருந்து கடல் கடந்து பிறரிடம் உழைப்போர் மிகப் பலர். சம்பளம் தள்ளிப்போன மாதத்தின் கசப்பும், மேலதிகாரியின் கடுஞ்சொல் தந்த வேதனையும் நம் குடும்பங்கள் அறியாதவை அல்ல. அதே நம்மவர் விடுமுறையில் வந்து வீடு கட்டுகிறார். மாலையில் கொத்தனார் கை கழுவி நிற்கும்போது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். அங்கே அவர் கேட்ட மரக்கால் வேறு; இங்கே அவர் கையிலிருக்கும் மரக்கால் வேறு.

அதிகாரம் நமக்குச் சொந்தமன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நாள் வருமுன், இன்று மாலை கூலி கேட்டு நம் வாசலில் நிற்பவருக்கு எந்த மரக்காலை எடுக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.