மூடாத குழி யார் கணக்கில்?



"என்ன பாஸ்டர், நம்ம பத்திரிகையில சினிமாவைப் பத்தியா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். யாரையும் படம் பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. படம் பார்த்து ஜனங்கள் விடுகிற கண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மேல்நாட்டுப் படங்களில் இப்படி ஒரு கதை அடிக்கடி வரும். பனி மூடின மலை, ஆள் நடமாட்டம் இல்லாத காடு, அதில் ஒரு குழந்தை தொலைந்துபோகும். தாய் தகப்பன் தவிப்பார்கள். பார்க்கிறவர்கள் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பார்கள். நம்ம ஊரில் பனிக்காடு ஏது? இங்கே பிள்ளைகள் தொலைவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையே போதும். தண்ணீர் வற்றினதும் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு, ஒரு ஜாண் அகலத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

அந்தக் கதையைத்தான் 2017 நவம்பரில் வந்த 'அறம்' சொன்னது. கோபி நயினார் எடுத்த படம், நயன்தாரா கலெக்டராக நடித்தது. ஏழைக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி குழிக்குள் விழுந்துவிடுகிறாள். ராக்கெட் விடுகிற நாட்டில் அவளை மேலே தூக்க ஒரு கருவி இல்லை. கடைசியில் அவளுடைய அண்ணனை, சின்னப் பையனை, கயிறு கட்டி உள்ளே இறக்குகிறார்கள். அவள் உயிரோடு வருகிறாள். தியேட்டரில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில், 2 வயது ஆண் குழந்தை அப்படியொரு குழியில் விழுந்தது. முதலில் சுமார் 26 அடியில் இருந்த பிள்ளை, பிறகு 88 அடிக்குச் சரிந்துபோனது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள். பாறை விடவில்லை. அந்த ஞாயிறு தீபாவளி. அந்தப் பிள்ளைக்காக சபைகளில் ஜெபம் ஏறெடுத்தார்கள், கோவிலிலும் மசூதியிலும் வேண்டிக்கொண்டார்கள். 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும், 29-ம் தேதி விடியற்காலத்தில் உயிரற்ற சரீரம்தான் கிடைத்தது.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இந்த மீட்புச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்நேரம் அவர்களுடைய 2 வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மரித்துப்போனது. அந்தப் பெற்றோரைக் குற்றப்படுத்த நமக்கு அதிகாரம் இல்லை. அவர்களும் மணப்பாறைப் பிள்ளைக்காக மனம் பதைத்தவர்களே. ஆனால் இந்தச் சம்பவம் நம் எல்லாரையும் ஒரு கேள்வி கேட்கிறது. பார்த்து அழுவதும், பார்த்துக்கொள்வதும் ஒன்றா?

பிரியமானவர்களே, சற்று சிந்தித்துப் பாருங்கள். பார்த்து அழுவதற்குச் செலவில்லை. அழுது முடித்ததும் ஏதோ செய்துவிட்ட மாதிரி மனதுக்கு ஒரு திருப்தி வேறு வந்துவிடும். அதுதான் ஆபத்து. 2006-ல் அரியானா மாநிலம் குருக்ஷேத்திரம் பக்கத்தில் 5 வயதுப் பையன் குழியில் விழுந்தான். ஏறக்குறைய 50 மணி நேரத்துக்குப் பின் ராணுவத்தார் அவனை உயிரோடு எடுத்தார்கள். தேசமே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் குழிகளை மூட மறந்துபோனது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிணறு போடுமுன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், சுற்றிலும் வேலி போட வேண்டும், குழாயின் வாயை இரும்பு மூடியால் அடைக்க வேண்டும், கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மணப்பாறைக்கு 9 வருஷம் முன்னதாகவே சொன்னது இது.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே மோசேயின் நியாயப்பிரமாணம் இதைப் பேசியிருக்கிறது. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குழியை மூடாமல் விட்டதினால் அடுத்தவன் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்காரன் ஈடு கொடுத்தாக வேண்டும். 'நான் தள்ளிவிடவில்லையே' என்கிற சாக்கு அங்கே செல்லாது. மூடாமல் விட்டதே குற்றம். மாட்டுக்கே இப்படியென்றால் மனுஷப் பிள்ளைக்கு எப்படி?

இப்படிப்பட்ட மரணம் நேர்ந்ததும் 'எல்லாம் கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிட நமக்கு வாய் வருகிறது. பயந்து பேசுவோம், சகோதரரே. அந்தக் குழியைக் கர்த்தர் தோண்டவில்லை. மனுஷன் தோண்டினான், மனுஷன் மூடாமல் போனான். நம்முடைய அசட்டையை அவர் சித்தத்தின்மேல் சுமத்துவது பக்தி ஆகாது. அந்த நாலு நாள் ஏறெடுத்த ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஜெபிக்கிற கைதான் மண்வெட்டியையும் பிடிக்க வேண்டும் என்கிறேன்.

காணாமற்போன ஒரு ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நல்லது. ஆனால் நல்ல மேய்ப்பன் தொழுவத்து வாசலையும் அடைக்கிறவன். தேடும் அன்பை ஊரே பார்க்கும், படமாகவும் எடுக்கும். காக்கும் அன்பை யாரும் பார்ப்பதில்லை. விழாத பிள்ளையைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. ஆனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்னும்!

ஆகவே வில்லியனூர், பாகூர் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர்களே, கைவிட்ட போர் இருந்தால் நீங்களே போய்ப் பாருங்கள். சாக்குப்பையும் முள்ளும் மூடி ஆகாது. டவுனில் இருக்கிறவர்களே, உங்கள் வீட்டுச் சம்ப்பின் மூடி சரியாக இருக்கிறதா? தெருவில் சாக்கடைமேல் சிலாப் உடைந்து கிடந்தால் 'முனிசிபாலிட்டி பார்த்துக்கொள்ளும்' என்று தாண்டிப் போகாதீர்கள், ஒரு மனு எழுதிக் கொடுங்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து போகும்போது, உங்கள் வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்து பாருங்கள்.

நம்முடைய பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. அவர் காக்கும் வேலையில் நம்முடைய கைகளும் இருப்பதாக. ஆமென்.