தெரியவில்லை என்றால் இல்லையா?

வீட்டிலிருந்த பழைய கேசட், சி.டி. எல்லாவற்றையும் ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினியில் ஏற்றி, மினிடிஎல்என்ஏ என்ற இலவச மென்பொருளின் துணையோடு அதை மியூசிக் சர்வராக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கூடத்து டி.வி.யில் அதிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையறையில் டேப்லெட்டைத் திறந்தாலோ, ‘சர்வர் எதுவும் இல்லை’ என்று ஆப் சாதிக்கும்.

டேப்லெட் உண்மையில் செய்தது என்ன? 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில், ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று ஒரு குரல் கொடுத்தது. சில விநாடிகள் காத்திருந்தது. பதில் வரவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ‘கூப்பிட்டேன், பதில் இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று தீர்ப்பே எழுதிவிட்டது.

காணாமையிலிருந்து இன்மைக்குத் தாண்டும் இந்தத் தாவல் எப்போது நியாயமாகும்? இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் வாதாடிய கேள்வி இது. தரையில் குடம் இல்லை என்று எப்படி அறிகிறோம்? அந்த அறிவுக்கே ‘அனுபலப்தி’ (காணாமை) என்று தனிப் பிரமாணம், அதாவது அறியும் வழி, வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரிலபட்டர். இன்மையையும் கண்ணே காண்கிறது என்றது நியாய தரிசனம். அது ஒருவகை அனுமானமே என்றார் பௌத்தரான தர்மகீர்த்தி. தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் (பிரமாணங்களில்) அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவை இயலில் அதை எடுத்துப் பேசுகிறது.

இவ்வளவு பிணக்கிலும் ஒரு நிபந்தனை பொதுவாக நிற்கிறது. பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால்தான், தென்படாததை வைத்து ‘இல்லை’ என்று சொல்லலாம். நல்ல வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். கும்மிருட்டில் துழாவிவிட்டுச் சொல்ல முடியாது.

இருக்கும் பொருள் ஏன் தென்படாமல் போகிறது என்பதற்கு ஒரு பட்டியலே போட்டுத் தந்தவர் ஈசுவரகிருஷ்ணர். 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் சீன மொழிக்குக் கொண்டுபோன அவருடைய சாங்கிய காரிகையின் 7ஆவது காரிகையில் (செய்யுளில்) எட்டுக் காரணங்கள் வருகின்றன: மிகு தொலைவு, மிகு அண்மை, புலன் பழுது, மனம் நிலைகொள்ளாமை, நுண்மை, இடைமறைப்பு, வலியதால் அமுக்கப்படுதல், ஒத்தவற்றோடு கலத்தல். உரைகாரர் கௌடபாதர் தரும் உதாரணங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. கண்ணில் தீட்டிய மை அந்தக் கண்ணுக்கே தெரியாது. பகலில் சூரிய ஒளி விண்மீன்களை அமுக்கிவிடுகிறது. பயற்றுக் குவியலில் போட்ட ஒரு பயறு கலந்துபோகிறது.

டேப்லெட்டின் கோளாறுகள் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. கடைசி அறைக்கு வைஃபை எட்டாதது தொலைவு. ஐபேடுகளில் 2020இல் வந்த இயங்குதளத்தின் 14ஆம் பதிப்பு முதல், வீட்டு நெட்வொர்க்கைத் தேட ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும். அங்கே ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் அது புலன் பழுது. சர்வரின் ஃபயர்வாலும், கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத கெஸ்ட் வைஃபையும் இடைமறைப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பு போடும் இரைச்சல் அமுக்கம். கண்டுபிடிக்கச் சிரமமானது கலப்புதான்: ஒரே பெயரில் இரண்டு ரூட்டர்கள் தனித்தனி நெட்வொர்க் நடத்த, ஒன்றில் சர்வரும் மற்றதில் டேப்லெட்டும் மாட்டிக்கொள்ளும். பெயர் ஒன்று என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கொடுத்த குரலோ ரூட்டரைத் தாண்டாது.

ஆனால் எட்டுக் காரணங்களும் சேர்ந்துகூட எதுவும் ‘இருக்கிறது’ என்று நிரூபிப்பதில்லை. ‘இல்லை’ என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று மட்டுமே அவை காட்டுகின்றன. ஈசுவரகிருஷ்ணர் இதை நன்றாக அறிந்தவர். அதனால்தான் அடுத்த காரிகையில், உலகின் மூலப்பொருளான பிரகிருதி தென்படாதது நுண்மையால் என்று சொல்வதோடு நில்லாமல், அதன் காரியங்களை (விளைவுகளை) கொண்டு அதை அறிகிறோம் என்று ஆதாரம் வைக்கிறார். டி.வி.யில் பாட்டு ஓடுகிறதே, அது காரியம். டேப்லெட்டின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியையும் 8200 என்ற போர்ட் எண்ணையும் நேரடியாக அடித்துப் பார்ப்பது அடுத்த படி. பக்கம் திறந்தால் சர்வர் இருக்கிறது, கூப்பாடுதான் போய்ச் சேரவில்லை.

கடவுள் பற்றிய சண்டையில் இரு தரப்பும் வழுக்குவது இந்த இடத்தில்தான். ‘நான் பார்த்ததில்லை, ஆகவே இல்லை’ என்பவர் நிபந்தனையை மறக்கிறார். ‘உன் கண்ணுக்குத் தகுதி இல்லை, ஆகவே இருக்கிறார்’ என்பவர் ஆதாரத்தை மறக்கிறார். இயல்பிலேயே புலனுக்கு எட்டாத பொருளைப் பொறுத்தவரை, காணாமை ஐயத்தைத்தான் தரும், முடிவைத் தராது என்று தர்மகீர்த்தி வரையறுத்தார். எட்டுக் காரணங்களை எழுதிய சாங்கியமோ உலகை விளக்க ஈசுவரன் தேவையில்லை என்று கொண்ட தரிசனம். அந்தப் பட்டியலை ஆத்திகத்துக்குச் சான்றாக நீட்டுவது அதை எழுதியவருக்கே அநீதி.

‘இல்லை’ என்று சொல்லவே கூடாது என்பதல்ல இதன் பொருள். ஒரே நெட்வொர்க், ஃபயர்வால் திறந்திருக்கிறது, அனுமதி கொடுத்தாயிற்று, நேர் முகவரியும் திறக்கவில்லை, டி.வி.யிலும் பாட்டு நின்றுவிட்டது என்றால் சர்வர் ஓடவில்லை என்று தயங்காமல் சொல்லலாம். அது உழைத்துப் பெற்ற ‘இல்லை’. கடவுளாகட்டும், கணினியாகட்டும், அடுத்த முறை யாராவது அடித்துச் சொன்னால், எட்டில் எவற்றைச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது.