பழையதா, புதியதா?

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் அண்ணாவியாரின் மத்தளத்திற்கு விடியும்வரை ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' எனப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கற்றோரிடையே கூத்திற்கு மதிப்பு உயர்ந்தது. ஆனால், நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டுமே நோக்கும் மேடையாயிற்று. பெற்றதைப் போற்றும் நாம் இழந்ததை மறைக்கலாமா? பிற்காலத்தில் சீலாமுனை மக்கள், தம் களரியை விடாமலே, சாதியும் பெண்ணிழிவும் பேசிய பழைய பகுதிகளைத் தாமே விவாதித்து மாற்றினர். பழகியது என்பதற்காக அநீதியைக் காக்க வேண்டியதில்லை; புதியது என்பதற்காக உரியவரை ஒதுக்கவும் வேண்டியதில்லை. கூத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் முதல் உரிமை, அதை ஆடிக் காத்தவர்களுடையதே என்போம்.